நண்பன் பெயரைக் கெடுத்தவன் யாரிடம் போய்ச் சொல்வது?

3 ஆகஸ்ட் 2024, காலை 8.05 (வாசகர் ஒருவர்)

பழைய நண்பருக்குச் செய்த துரோகத்துக்குப் பல வருஷம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்பது சுயநலம் என்பது என் கருத்து. மன்னிப்புக் கேட்டவர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். அந்த நண்பர்தான் ஆறிப்போன புண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்புச் செய்தவர் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை சுமப்பதே மரியாதை. மறுப்பவர்கள் சொல்லலாம்.

3 ஆகஸ்ட், இரவு 10.40

மறுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் 14 வருஷமாக நான் நீங்கள் சொல்கிறபடிதான் இருந்து வருகிறேன். அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், மறுப்பா ஒப்புதலா என்று பிறகு பார்க்கலாம்.

இன்று ஆடி 18. சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுகிற நாள். அதற்கு அப்புறம் மார்கழி வரை அச்சகங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒவ்வொரு ஆடி 18க்கும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

2010இல் அங்கே ஓர் அச்சகத்தில் நானும் என் நண்பனும் புரூஃப் பார்த்தோம், அச்சுத்தாளில் பிழை பார்க்கிற வேலை. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், பிறகு ஒரே அறை, ஒரே சைக்கிள். செப்டம்பர் கடைசியில் அவன் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். சீசனில் லீவு கிடையாது. "ஒரு நாள் சமாளிச்சுக்கடா மாப்ள" என்று சொல்லிவிட்டு விடிகாலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். வேலை நெருக்கடியில் அவன் இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்று இரண்டையும் நானே போட்டேன். அவன் கையெழுத்தை எனக்குப் போட வரும். அதுவரை அது நட்புக்குச் செய்த உதவிதான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தாளில் தப்பு இருப்பது தெரிந்தது. 2011 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. ராகு காலம் 3 முதல் 4.30 என்று அச்சாகியிருந்தது. எமகண்டத்தின் நேரம் இரண்டு கட்டத்திலும் உட்கார்ந்துவிட்டது. ஆறாயிரம் காலண்டருக்கான தேதித்தாள் ஏற்கெனவே கட்டாகியிருந்தது. ஃபோர்மேன் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, தாளை மேஜையில் விரித்து, "முதல் கையெழுத்து யாரோடது?" என்றார்.

"அது அவன் பாத்த ஷீட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவன் தாளைப் பார்த்தான். தன் கையெழுத்தின் கடைசி எழுத்தை அவன் மேலே சுழித்து விடுவான். நான் அவசரத்தில் கீழே இழுத்திருந்தேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவனுக்குத் தீபாவளி போனஸ் இல்லை. பொங்கலுக்கு முன்னாலேயே வேலையை விட்டுப் போனான்.

போனவனை நான் தேடவில்லை. என் முகத்தைக் காட்டி அவனை மேலும் நோகடிக்கக் கூடாது என்று ஒதுங்கியே இருந்தேன். நீங்கள் சொல்கிற மரியாதை இதுதான் என்றால், இதை 14 வருஷம் காப்பாற்றியிருக்கிறேன்.

4 ஆகஸ்ட், காலை 6.15

தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்.

6 ஆகஸ்ட், மாலை 7.20

"ஒரு நேரம் மாறிப்போனதற்கா இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தினசரித் தாளில் திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு, எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் இருக்கும். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், அவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். மற்றவர் அச்சுத்தாளில் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டே வருவார். "வெள்ளி, ராகு பத்தரை பன்னெண்டு, எமகண்டம் மூணு நாலரை, குளிகை ஏழரை ஒம்பது, சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்." நாள் முழுக்க இப்படியே பாட்டுப் போல ஓடும். திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்றாகவும் திருக்கணிதத்தில் வேறாகவும் இருக்கும். அதில் தப்பு விழுந்தால்கூட எந்தப் பஞ்சாங்கம் என்று பேச இடம் உண்டு.

ராகு காலம் அப்படி இல்லை. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துப் பகலை எட்டாகப் பங்கு போட்ட ஒன்றரை மணி நேரம் அது. காலண்டரில் கிழமைக்குக் கிழமை மாறுமே தவிர வருஷத்துக்கு வருஷம் மாறாது. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று நம் வீடுகளில் சொல்லித் தருவார்களே, திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று வரிசையாக வரும், அது தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்தத் தப்பை விட்டவன் தாளைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவன்" என்ற பெயர் அவனுக்கு வந்தது. புரூஃப் பார்ப்பவனுக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. ஒன்பது மணி நேரம் பார்த்தாலும் புள்ளி விடாதவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு போட்டவன் நான்.

7 ஆகஸ்ட், இரவு 11.55

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஓர் இடத்தில் பொய் இருக்கிறது. "ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன். நடந்தது அது இல்லை. அவன் வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து, "விடுங்கண்ணாச்சி, அம்மா நெனப்புல பாத்திருப்பான்" என்றேன். பரிந்து பேசுவது போல. அதற்கு அப்புறம் அவன் பேசினால் லீவு சொல்லாமல் போனதையும் ஒத்துக்கொள்ள வேண்டும், நான் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதையில் இந்த வாக்கியம் மட்டும் இல்லாமல் இருந்திருக்கிறது. இங்கே எழுதும்போதும் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

11 ஆகஸ்ட், காலை 9.30

குறள் 655ஐப் போட்டவருக்கு நன்றி.

எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று.

பின்னால் நினைத்து வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே, தவறிச் செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது. மு.வ. உரையில் படித்ததும் இதே பொருள்தான். எனக்கு அது ஒத்துப்போகிறது. இப்போது மதுரையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். எந்தப் பத்திரிகையானாலும் இரண்டு பேர் பார்க்காமல் மிஷினுக்குப் போகாது. இரண்டாவது ஆள் இல்லாத நாளில் என் மனைவியை வரச்சொல்லிப் படிக்கவைக்கிறேன். மற்றன்ன செய்யவில்லை.

12 ஆகஸ்ட், மதியம் 1.10

நேற்று எழுதியதற்குத் தமிழாசிரியர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். பரிமேலழகர் அந்த இரண்டாம் அடிக்கு வேறு பொருள் சொல்கிறாராம். எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். "அன்ன" என்பதை அவர் செயலின் மேல் ஏற்றவில்லை, இரங்கலின் மேல் ஏற்றுகிறார். மயங்கிச் செய்துவிட்டாயா, அப்படியானால் பின்னால் உட்கார்ந்து அந்த இரங்கல்களைச் செய்யாமல் இருப்பது நல்லது.

முதலில் கோபம் வந்தது. செய்துவிட்டு வருந்தவும் வேண்டாம் என்றால் அவனவன் ஊரை அடித்து உலையில் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருப்பானே? மதியம் சாப்பிடும்போது வேறு மாதிரி தோன்றியது. 14 வருஷம் நான் உட்கார்ந்து இரங்கினேன். அந்த இரக்கத்தால் அவனுக்கு ஒரு ரூபாய்க்குப் பிரயோஜனம் உண்டா? கெட்ட பெயரில் ஓர் எழுத்தாவது அழிந்ததா? இதை இன்னும் யோசிக்க வேண்டும். கடையில் ஆள் வந்துவிட்டார்.

18 ஆகஸ்ட், இரவு 9.00

குடியை விட்டு ஆறு வருஷம் ஆன அண்ணன் ஒருவர் எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் பன்னிரண்டு படிகள் உண்டு. எட்டாவது படி, நாம் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது படி, முடிந்தவரை அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது, அப்படிச் செய்வதால் அவர்களுக்கோ வேறு யாருக்கோ தீங்கு வருமானால் தவிர. அந்தக் கடைசித் துண்டுக்காகவே ஒரு வருஷம் யோசித்தேன் என்கிறார்.

நானும் அதையே பிடித்துக்கொண்டு யோசித்தேன். நான் செய்ததை நடந்த இடத்தில் வைத்துப் பிரித்தால் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, அவனுக்குச் செய்தது. இன்னொன்று, அண்ணாச்சி முன்னால் அவனைப் பற்றிச் சொன்னது. அவனிடம் மட்டும் தனியாகப் போய் "மன்னிச்சுக்கடா" என்றால், இந்த இழையைத் தொடங்கியவர் சொன்ன குற்றச்சாட்டு எனக்கு அப்படியே பொருந்தும். எனக்கு மனசு லேசாகும், அவன் பெயர் கெட்டது கெட்டபடியே இருக்கும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே அவனிடம் போய்ச் சொல்லப் போகிறேன்? தெரியாதவர் அண்ணாச்சிதான்.

ஆனால் அண்ணாச்சியிடம் சொன்னால் அவன் அன்று சொல்லாமல் லீவு போட்டதும் வெளியே வரும். அது அவனுடைய விஷயம், நானாகச் சொல்லக் கூடாது. அதனால் முதலில் அவனிடம் போய், சொல்லட்டுமா என்று கேட்க வேண்டும். மன்னிப்பு அவன் கொடுத்தால் உண்டு, அதைக் கேட்பதற்காகப் போகவில்லை.

பழைய நண்பர்கள் மூலம் விசாரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறானாம்.

25 ஆகஸ்ட், மாலை 5.45

வெறுங்கையோடு போகலாமா என்று கேட்டதற்கு இத்தனை பதில்கள்! மல்லிகைப்பூ, மதுரை அல்வா, குழந்தைகளுக்குத் துணி. "ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர் பால்கோவா மட்டும் வாங்கிப் போய்விடாதீர்கள்" என்று எழுதியவர் என்னை நீண்ட நாளைக்குப் பிறகு சிரிக்கவைத்தார். சிலர் அந்தப் போனஸ் தொகையை வட்டியோடு கவரில் போட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்த ஞாயிறு கிளம்புகிறேன்.

1 செப்டம்பர், இரவு 10.20

போய்விட்டு வந்தேன்.

திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று ஒவ்வொரு ஊராக வரவர இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. பெரிய தேர் நிற்கிற தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடம் பக்கத்தில் கடை. ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. உள்ளே குனிந்து ரிம் பிரித்துக்கொண்டிருந்தான். பேப்பரைத் தட்டி அடுக்குகிற அதே லாகவம். காற்று நுழையும்படி ஓரத்தை விசிறி, கட்டைவிரலால் நீவி, மேஜையில் இரண்டு தட்டு. முன்வழுக்கை விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "வா" என்றான். ஆச்சரியப்படவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "டீ குடிக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் எதிர்க்கடைக்கு இரண்டு விரலைக் காட்டினான்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே புகுந்து பேசினேனே, அதையும். கேட்டுக்கொண்டே இருந்தான். கவரை நீட்டினேன். வாங்கவில்லை, "உள்ள வை" என்றான், அவ்வளவுதான். அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லட்டுமா, லீவு விஷயம் வெளியே வருமே என்று கேட்டேன். "அம்மாவே போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு. இனி யாரு எங்கிட்ட அந்த லீவப் பத்திக் கேக்கப் போறா? சொல்லு" என்றான்.

அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம். ஒரு பெண் பிள்ளை ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, மிஷினைப் பார்த்தபடியே சொன்னான்: "ஷீட்டு விஷயம் நீ பயந்துபோய்ச் சொன்னது. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஏண்டா வரல?"

2 செப்டம்பர், காலை 5.50

கல்யாணப் பத்திரிகை விஷயத்தை நான் இங்கே எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

2012 ஆவணியில் அவன் கல்யாணம். வேலையை விட்டுப்போய் ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் எனக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். கவரில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதி, கடைசி எழுத்தை மேலே சுழித்திருந்தான். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ரூமிலேயே படுத்துக் கிடந்தேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதைப் பெரிய தண்டனை போல நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தம் முடிகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். மாப்பிள்ளைத் தோழனாக என்னை நிற்கவைக்க வேண்டும் என்று வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லையாம். கடைசியில் பெண் வீட்டுச் சொந்தக்காரப் பையன் ஒருவனை நிறுத்தினார்களாம். "உன்ன மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான்டா பத்திரிகை அனுப்பிச்சேன். அதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்றான். அவன் குரல் உடைந்தது நேற்று இந்த ஓர் இடத்தில்தான்.

3 ஆகஸ்ட் குறிப்பில் "நோகடிக்கக் கூடாது என்று ஒதுங்கியே இருந்தேன்" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அந்த வரியை யாரும் நம்ப வேண்டாம். ஒதுங்கியதுதான் அவனுக்கு இரண்டாவது அடி. முதல் அடியைப் பயத்தில் அடித்தேன். இரண்டாவதை மனசாட்சி என்று பெயர் வைத்து அடித்தேன். தமிழாசிரியர் ஐயாவுக்கும் சொல்கிறேன், பரிமேலழகர் சொன்னது எனக்கு நேற்று அந்த ஜெராக்ஸ் கடையில்தான் புரிந்தது. நான் செய்த இரங்கலே மற்றன்ன செய்ததுதான்.

9 செப்டம்பர், இரவு 8.30

என் கடைக்குக் கார்டு அனுப்புகிற சௌகார்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் ஜைனர். வருஷா வருஷம் அவர்களுடைய பர்யுஷண் நோன்பு முடிகிற சமயத்தில் போன் செய்து "மிச்சாமி துக்கடம்" என்பார். செய்த தீமை பயனற்றுப் போகட்டும் என்று பொருள். தெரிந்தும் தெரியாமலும் தவறு செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்கிற நாள் அது. இத்தனை வருஷம் ஏதோ பண்டிகை வாழ்த்து என்று "உங்களுக்கும் சார்" சொல்லி வைத்துவிடுவேன். இந்த முறை, "என்னிடம் எதற்காகக் கேட்கிறீர்கள், ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஈரம் பட்ட கட்டு ஒண்ணு உங்களுக்கு அனுப்பினோம். நீங்க லாரி மேல பழி போட்டீங்க. கோடவுன்லயே நனைஞ்சதுதான்" என்றார்.

மொத்தமாகக் கேட்கிற மன்னிப்புக்கு என்ன மதிப்பு என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டி வைக்கிற வழக்கம் இருந்தால், உள்ளே இருப்பதைக் கேட்க ஒரு வழி திறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த லாரிக்காரரின் வாடகையில் பிடித்த 600 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

22 செப்டம்பர், இரவு 9.45

இன்று சிவகாசி. அண்ணாச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். மதுரையில் கடை வைத்திருப்பது வரை தெரிந்து வைத்திருந்தார். நண்பனின் பெயரைச் சொன்னேன். நெற்றியைத் தடவி யோசித்தார். பெயர் பிடிபடவில்லை. அப்புறம், "வெள்ளிக்கிழமை ராகுவைத் தப்பா விட்ட பையன்தானே?" என்றார்.

பெயர் மறந்துவிட்டது. ஊர், முகம், ஒன்பது மணி நேரம் புள்ளி விடாமல் பார்த்த கண், எல்லாம் மறந்துவிட்டது. அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"இல்ல அண்ணாச்சி. அது நான்" என்றேன்.

முழுவதும் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அவன் போன் நம்பர் இருக்கா? போடு" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டு நான் திண்ணைக்கு வந்துவிட்டேன், அது அவர்கள் இருவருக்கும் உள்ள பேச்சு. ஜன்னல் வழியாக ஒன்று மட்டும் காதில் விழுந்தது. "அப்பவே எங்கிட்ட வந்து சொல்லக்கூடாதாய்யா? அம்மாவுக்குக் கண்ணுன்னா நான் லீவு தரமாட்டேன்னா சொல்லிருப்பேன்?" என்றார்.

26 செப்டம்பர், மாலை 6.30

அவன் மன்னித்தானா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கார்த்திகையில் மகளுக்குக் காதணி விழா, 200 பத்திரிகை அடிக்க என்ன ஆகும்?

காசெல்லாம் வேண்டாம் என்று போட்டேன். உடனே கூப்பிட்டான். "ரேட்ட சொல்லு. சொன்னா உங்கிட்ட அடிப்பேன். இல்லைனா வேற கடை பாக்கேன்."

ரேட் சொன்னேன். அதிலும் இருபது ரூபாய் குறைத்தான்.

விவரத்தைத் தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். விழா வெள்ளிக்கிழமை. நேரம் காலை 9 முதல் 10.15க்குள் என்று போட்டு, 10.15இன் அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறான். என் மனைவி உரக்கப் படிக்க, நான் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.